47 வயதில் கார்ட்டிங்: விலா வலி, எடை, சொந்த வண்டி – முதலில் எதைப் பார்ப்பது?

தாம்பரம்_47

வணக்கம். வயது 47, உயரம் 178 செ.மீ., எடை 92 கிலோ. நாள் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்து பார்க்கும் வேலை. தூரம், கிட்டம் இரண்டையும் ஒரே லென்ஸில் காட்டும் ப்ரோக்ரெசிவ் கண்ணாடி போடுகிறேன். இதுவரை எட்டு முறை வாடகை கார்ட் (தரையை ஒட்டிய சின்னத் திறந்த பந்தய வண்டி) ஓட்டியிருக்கிறேன், ஒவ்வொரு முறையும் 10 நிமிடம். இனி இதை ஒழுங்காகக் கற்றுக்கொண்டு, ஒன்றிரண்டு வருடத்தில் அமெச்சூர் பந்தயம் ஏதாவது ஒன்றில் இறங்க வேண்டும் என்று ஆசை.

கேட்க வேண்டியவை:

1. ஓட்டி முடித்தபின் இடப்பக்க விலா இரண்டு நாள் வலிக்கிறது. வலப்பக்கம் ஒன்றுமில்லை. ஏன்?
2. என் எடைக்கு இது சரிப்படுமா? 65 கிலோ பையன்கள் நேர்ப்பாதையிலேயே தாண்டிப் போகிறார்கள்.
3. பழைய ரோட்டாக்ஸ் மேக்ஸ் 125 பந்தயக் கார்ட் ஒன்று விலைக்கு வருகிறது. வாங்கலாமா, இன்னும் கொஞ்ச நாள் வாடகையிலேயே ஓட்டட்டுமா?
4. இந்த வயதில் உடம்பில் எதையெல்லாம் முன்கூட்டியே சோதித்துக்கொள்ள வேண்டும்?

---

செயின்219

விலாவைப் பற்றி முதலில் சொல்கிறேன். நாற்பதைத் தாண்டி வருபவர்களில் பலர் இந்த வலியோடுதான் விட்டுவிட்டுப் போகிறார்கள். அப்படிப் போக வேண்டிய அவசியமே இல்லை.

நீங்கள் ஓட்டும் டிராக் கடிகாரச் சுற்றில் போகிறதா என்று பாருங்கள். அப்படியென்றால் வலப்பக்க வளைவுகள் கூடுதலாக இருக்கும். ஒவ்வொரு வலது வளைவிலும் உடம்பு இடப்பக்கம் தள்ளப்பட்டு, சீட்டின் இடது விளிம்பில் விலா இடிக்கும். கார்ட்டில் ஸ்பிரிங்கும் கிடையாது, ஷாக் அப்சார்பரும் கிடையாது. வளைவின் ஓரத்தில் உள்ள கர்ப் எனும் மேட்டில் ஏறினால் அந்த அதிர்ச்சி சேஸிஸ் (வண்டியின் குழாய்ச் சட்டம்), சீட் வழியாக நேரே விலாவுக்கு வந்துவிடும்.

வாடகை சீட்டுகள் பெரிய உடம்புக்கென்று செய்தவை. இடுப்பின் இரு பக்கமும் இரண்டு விரல் நுழையும் இடைவெளி இருந்தால் உடம்பு ஆடும், ஆடினால் இடிக்கும். டிராக்கில் ஃபோம் இன்சர்ட் கேளுங்கள், பெரும்பாலும் வைத்திருப்பார்கள். பின்பக்கம் மட்டும் வைத்தால் போதாது, இடுப்புப் பக்கவாட்டிலும் அடைக்க வேண்டும். முதுகு முழுவதும் சீட்டில் ஒட்டியிருக்க வேண்டும். பெடலை எட்டுவதற்காக இடுப்பை முன்னால் நகர்த்தி உட்கார்ந்தால் விலாவின் கீழ்ப்பகுதி சரியாக விளிம்பின் மேல் வந்து நிற்கும். பெடலை முழுதாக மிதிக்கும்போது முழங்கால் லேசாக மடங்கியிருந்தால் தூரம் சரி.

விலாக் கவசம் உங்கள் முதல் செலவாக இருக்கட்டும். ஹெல்மெட்டைக்கூட டிராக்கில் இரவல் வாங்கலாம், விலாக் கவசம் இரவலுக்குக் கிடைக்காது. உலக மோட்டார் பந்தய அமைப்பான எஃப்.ஐ.ஏ.யின் 8870-2018 தர முத்திரை உள்ளதைப் பாருங்கள். பட்டையை மூச்சை முழுதாக இழுத்த நிலையில் கட்டுங்கள். மூச்சை விட்டுவிட்டுக் கட்டினால் மூன்றாவது லேப்பில் (சுற்றில்) மூச்சு முட்டும்.

கவசம் இருந்தும் வலித்தால் காரணம் பெரும்பாலும் ஸ்டீயரிங் பிடியில் இருக்கும். வளைவில் உடம்பு சாயாமலிருக்கக் கைகளால் ஸ்டீயரிங்கைப் பிடித்துத் தொங்கினால் இடுப்பு தளர்ந்து, மேல் உடம்பு ஊஞ்சலாடும். உடம்பைத் தாங்க வேண்டியது சீட்டும் வெளிப்பக்கத்துக் கால் முழங்காலும்தான். கைகள் மணி 9, 3 நிலையில், திருப்பத் தேவையான அளவு பலத்தோடு இருந்தால் போதும்.

இனி ஓட்டும் முறை. கார் ஓட்டிப் பழகியவர்கள் கொண்டுவரும் பழக்கங்களில் இரண்டு இங்கே கெடுதல் செய்யும்.

ஒன்று, பிரேக்கை மிதித்துக்கொண்டே திருப்புவது. வாடகை கார்ட்டில் பிரேக் பின் அச்சுக்கு மட்டும்தான். மிதித்தவுடன் எடை முன்னால் போய்ப் பின்சக்கரங்கள் லேசாகிவிடும். அந்த நேரம் ஸ்டீயரிங்கையும் திருப்பினால் பின்பக்கம் சுற்றிக்கொண்டு வரும். வண்டி நேராக இருக்கும்போதே முதலில் அழுத்தமாக மிதித்து, வேகம் குறையக் குறைய அழுத்தத்தைத் தளர்த்தி, முழுதாக விட்டபின் திருப்புங்கள். இடது காலில் பிரேக், வலது காலில் ஆக்சிலரேட்டர். இரண்டையும் சேர்த்து மிதித்தால் பல வாடகை வண்டிகளில் எஞ்சின் பலம் தானாகவே குறைக்கப்படும். அப்புறம் "வண்டி இழுக்கவில்லை" என்று மெக்கானிக்கைக் குறை சொல்லிப் பயனில்லை.

இரண்டு, ஸ்டீயரிங்கை அதிகம் திருப்புவது. வலது, இடது சக்கரங்களை வெவ்வேறு வேகத்தில் சுழலவிடும் டிஃபரென்ஷியல் கார்ட்டில் கிடையாது. பின்சக்கரம் இரண்டும் ஒரே அச்சில் இறுகியிருக்கும். வளைவில் உள்சக்கரம் குறைந்த தூரமும் வெளிச்சக்கரம் கூடுதல் தூரமும் போக வேண்டும், ஆனால் இரண்டும் ஒரே வேகத்தில்தான் சுழலும். அதனால் உள்பக்கப் பின்சக்கரம் ஒரு நொடி தரையை விட்டு எழும்பினால்தான் வண்டி திரும்பும். ஸ்டீயரிங்கின் முதல் அசைவு அதைத் தூக்கிவிடும். தூக்கியபின் திருப்பத்தைத் தளர்த்தாமல் பிடித்துக்கொண்டே இருந்தால் முன்சக்கரங்கள் தேய்ந்து இழுக்கும். வாடகை எஞ்சின் பெரும்பாலும் 200 முதல் 270 சி.சி. ஃபோர் ஸ்ட்ரோக், 6 முதல் 9 குதிரைத்திறன். வேகம் ஒருமுறை விழுந்தால் அடுத்த நேர்ப்பாதை பூராவும் அதை மீட்க முடியாது. உங்களைத் தாண்டிப் போகும் பையன்களிடம் நீங்கள் இழப்பதில் பாதி எடையால் வந்தது, மறுபாதி வளைவை விட்டு வெளியே வரும் வேகத்தால் வந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

---

பிசியோ_மதுரை

நான்காவது கேள்விக்கு மட்டும் என் பதில்.

கார்ட்டில் இதயத்துடிப்பு 150-ஐத் தாண்டுவது சாதாரணம், அதுவும் உட்கார்ந்த நிலையில், வெயிலில், முழு உடுப்போடு. 40-க்கு மேல் தொடங்குபவர் இ.சி.ஜி.யோடு ட்ரெட்மில் சோதனையும் செய்துகொள்ள வேண்டும். அமைதியாகப் படுத்திருக்கும்போது எடுத்த இ.சி.ஜி. மட்டும் போதாது. இரத்த அழுத்தம் கட்டுக்குள் வரும்வரை டிராக் வேண்டாம். இரத்தத்தை இளக்கும் மாத்திரை சாப்பிடுபவர்கள் மருத்துவரிடம் "எனக்கு அடிபட வாய்ப்புள்ள விளையாட்டு" என்று வெளிப்படையாகச் சொல்லிக் கேட்க வேண்டும். மாதவிடாய் நின்ற பெண்கள் விளையாட வந்தால் எலும்பு அடர்த்திச் சோதனையும் எடுப்பது நல்லது. மேலே சொன்ன விலா விஷயம் அவர்களுக்கு இன்னும் முக்கியம்.

விலா வலியில் ஒரு அடையாளம் பாருங்கள். பரவலாக, அமுக்கினால் மட்டும் வலித்தால் தசைக் கன்றல். ஒரே புள்ளியில், இருமும்போதும் ஆழ்ந்து மூச்சிழுக்கும்போதும் குத்தினால் விரிசலாக இருக்கலாம். எக்ஸ்ரேயில் தெரியாமலும் போகும். விரிசல் என்றால் ஆறு வாரம் ஓட்டக் கூடாது. "கவசம் போட்டுக்கொண்டு மெதுவாக ஓட்டுகிறேன்" என்பது வேலைக்கு ஆகாது.

கழுத்துக்கு ஒரு கணக்கு: தலை ஏறக்குறைய 5 கிலோ, ஹெல்மெட் ஒன்றரை கிலோ. பந்தயக் கார்ட்டில் பக்கவாட்டு விசை 2 ஜி-யை (புவியீர்ப்பைப் போல் இரு மடங்கை) நெருங்கினால், கழுத்து பக்கவாட்டில் 13 கிலோவைத் தாங்குகிறது, ஒவ்வொரு வளைவிலும். உள்ளங்கையைக் காதுக்கு மேல் வைத்துத் தலையை அசைக்காமல் எதிர்த்துத் தள்ளுங்கள். ஒவ்வொரு பக்கமும் 10 வினாடி, ஐந்து முறை. முன்னும் பின்னும் அதேபோல. வாரம் மூன்று நாள் போதும். முன்கைக்கு இரு கையிலும் கனமான வாளியைத் தூக்கிக்கொண்டு 40 வினாடி நடப்பது நன்றாக உதவும். ஆனால் ஓட்டும்போது முன்கை கல்லாக இறுகினால் அதைப் பலக்குறைவு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள், பிடி அதிகம் என்று அர்த்தம். நேர்ப்பாதைகளில் விரல்களை ஒருமுறை தளர்த்திப் பிடியுங்கள்.

கண்ணாடி: ப்ரோக்ரெசிவ் வேண்டாம். அந்த லென்ஸில் இரு ஓரமும் மங்கும். வளைவுக்குள் நுழையும் முன் கண்ணைப் பக்கவாட்டில் ஓட்டி ஏபெக்ஸைப் (வளைவின் உள்விளிம்பைத் தொடும் புள்ளியை) பார்ப்பீர்கள், சரியாக அங்கேதான் மங்கலாகத் தெரியும். தூரத்துக்கு மட்டும் பவர் உள்ள தனிக் கண்ணாடி, உடையாத பாலிகார்பனேட் லென்ஸ், நேரான மெல்லிய காம்பு. ஹெல்மெட்டை மாட்டிய பிறகு கண்ணாடியைச் செருகுங்கள்.

வெயில் நாளில் ஓட்டத்துக்கு ஒரு மணி நேரம் முன்பே அரை லிட்டர் தண்ணீர், ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் உப்புப் போட்ட மோரோ ஓ.ஆர்.எஸ். கரைசலோ. தலை கிறுகிறுத்தால் அன்றைக்கு அவ்வளவுதான், வண்டியை நிறுத்திவிடுங்கள்.

---

பேடாக்_பக்கம்

ரோட்டாக்ஸ் விலைக்கு வருகிறது என்றீர்களே, இப்போதைக்கு வேண்டாம். ஆறு மாதம் கழித்துப் பேசலாம். காரணம் சொல்கிறேன்.

சீனியர் மேக்ஸ் எஞ்சின் 125 சி.சி. டூ ஸ்ட்ரோக், ஏறக்குறைய 30 குதிரைத்திறன். பந்தயக் கார்ட் வாடகை வண்டியில் ஏறக்குறைய பாதி எடைதான் இருக்கும். நீங்கள் இப்போது ஓட்டுவதைவிட நாலு மடங்கு பலம், பாதி எடை. பிரேக்கும் பிடியும் கையில் பழகாமல் அதில் ஏறினால் என்ன தவறு செய்கிறோம் என்று உணர்வதற்குள் வளைவு முடிந்துவிடும்.

வாடகையிலேயே மாதம் இரண்டு நாள், நாளுக்கு மூன்று ஓட்டம், நடுவில் அரை மணி ஓய்வு. வேகமான லேப் எத்தனை வினாடி என்று பார்க்காதீர்கள். ஒரே ஓட்டத்தில் தொடர்ந்து எட்டு லேப் அரை வினாடி வித்தியாசத்துக்குள் வருகிறதா என்று பாருங்கள். அது வந்தால் சொந்த வண்டிக்குத் தயார். வண்டி எண்ணையும் குறித்து வையுங்கள். ஒரே டிராக்கில் இரண்டு வாடகை வண்டிகளுக்கு நடுவே ஒரு வினாடி வித்தியாசம் இருப்பது சகஜம். அதே வண்டியில் மற்றவர் எடுத்த நேரத்தோடு மட்டும் ஒப்பிடுங்கள்.

சென்னையில் இருப்பதால் உங்களுக்கு வசதிதான். இருங்காட்டுக்கோட்டையில் மெட்ராஸ் இன்டர்நேஷனல் சர்க்யூட் வளாகத்திலேயே சுமார் 1.2 கி.மீ. நீளக் கார்ட்டிங் டிராக் இருக்கிறது. குறுகிய டயர் சுவர் டிராக்கில் பழகியவர் அகலமான டிராக்குக்குப் போனால் கண் பழக்கமே மாறும். வளைவின் நுழைவில் ஏபெக்ஸைப் பார்க்க வேண்டும், ஏபெக்ஸில் வெளியேறும் இடத்தைப் பார்க்க வேண்டும். பெங்களூரு மெக்கோ கார்ட்டோப்பியாவுக்கும் ஒருமுறை போய் வாருங்கள். ஒரே டிராக்கை மனப்பாடம் செய்தவருக்கு அந்த டிராக் மட்டும்தான் தெரியும்.

பந்தயத்தில் இறங்க இந்திய மோட்டார் பந்தய அமைப்பான எஃப்.எம்.எஸ்.சி.ஐ.யின் போட்டி உரிமம் வேண்டும். அதற்கு முன்னால் வீட்டில் இருக்கும் காப்பீட்டுப் பத்திரத்தை எடுத்துப் படியுங்கள். மருத்துவக் காப்பீட்டில் எக்ஸ்க்ளூஷன் கோடு 09 என்று ஒரு பொது விலக்கு உண்டு. மோட்டார் பந்தயம் அதில் பெயர் சொல்லியே வருகிறது. ஆனால் "தொழில்முறையாகப் பங்கேற்றால்" என்ற சொற்களும் சேர்ந்திருக்கும். பொழுதுபோக்குக்கு ஓட்டுபவருக்கு அந்தச் சொற்கள் முக்கியம். தனிநபர் விபத்துக் காப்பீட்டிலும் டெர்ம் பாலிசியிலும் வாசகம் வேறு மாதிரி, பல நேரம் இன்னும் கடுமையாக இருக்கும். நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டு எழுத்திலேயே பதில் வாங்குங்கள்.

---

தாம்பரம்_47

எல்லோருக்கும் நன்றி. டிராக் கடிகாரச் சுற்றுதான், இடது விலா ஏன் என்று இப்போது புரிகிறது. புள்ளியாகக் குத்தவில்லை, பரவலான வலிதான். ப்ரோக்ரெசிவ் கண்ணாடி விஷயம் எனக்குத் தோன்றவே இல்லை.

எடையைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்லுங்கள். ஆறு மாதம் கழித்து வாங்குவதென்றால் பழைய வண்டியில் என்னென்ன பார்க்க வேண்டும்?

---

செயின்219

எடை: வாடகையில் 20 கிலோ கூடுதல் என்றால் ஒரு நிமிட லேப்பில் அரை வினாடி போகலாம். பந்தயத்தில் நிலைமை வேறு. வண்டியும் ஓட்டுநரும் சேர்ந்து குறைந்தபட்ச எடை ஒன்று உண்டு. எடை குறைந்தவர் ஈயக் கட்டியைச் சீட்டில் போல்ட் போட்டு ஓட்ட வேண்டும். சீனியர் மேக்ஸில் அது 160 கிலோவை ஒட்டி இருக்கும், ஆண்டுக்கு ஆண்டு விதிப்புத்தகத்தில் ஒன்றிரண்டு கிலோ மாறும். வண்டி 80-85 கிலோ, நீங்களும் உடுப்பும் 96 கிலோ என்றால் 15 கிலோவுக்கு மேல் கூடுதல். பத்து கிலோ குறைத்தால் அதன் பலன் டிராக்கில் கண்ணுக்குத் தெரியும், முழங்காலுக்கும் நல்லது. ரோட்டாக்ஸில் வயதில் மூத்தவர்களுக்கென்றே 32 வயதுக்கு மேல் டி.டி.2 மாஸ்டர்ஸ் வகுப்பு இருக்கிறது. இரண்டு கியர், முன் பிரேக்கும் உண்டு, குறைந்தபட்ச எடையும் கூடுதல். உங்கள் உடல்வாகுக்கு ஏற்றது. ஆனால் முதல் வண்டியாக வேண்டாம்.

கனமான, உயரமான ஓட்டுநருக்கு வரும் தனிச் சிக்கல் ஒன்று உண்டு. ஈர்ப்பு மையம் மேலே இருப்பதால் உள்பக்கப் பின்சக்கரம் தேவைக்கு மேல் தூக்கும். வளைவின் நடுவில் வண்டி தவளை மாதிரி துள்ளும். அப்போது சீட்டை 5 முதல் 10 மி.மீ. தாழ்த்துங்கள், பின் அகலத்தைக் கூட்டுங்கள். அகலத்தின் உச்ச வரம்பு 1400 மி.மீ. அதனால் சீட் பொருத்தும் வேலை உங்களுக்கு எல்லாவற்றையும்விட முக்கியம். நான்கு சக்கரத்தின் கீழும் நான்கு தராசு வைத்து, நீங்கள் உடுப்போடு உட்கார்ந்து, முன்னால் 43, பின்னால் 57 சதவீதம் வரும்படி சீட்டை நகர்த்துங்கள். பழைய உரிமையாளர் 65 கிலோ என்றால் அவர் சீட்டு உங்களுக்கு ஆகாது. அளவும் இடமும் இரண்டுமே மாறும். சீட் போல்ட்டுக்குப் பெரிய வாஷர் கட்டாயம், இல்லையென்றால் சீட்டின் நார்க்கண்ணாடி (ஃபைபர்கிளாஸ்) விரிசல் விட்டு அந்த விளிம்பே விலாவைக் கிழிக்கும்.

பழைய சேஸிஸைத் தலைகீழாகத் திருப்பிப் பாருங்கள். கர்பில் உரசிக் குழாயின் அடிப்பக்கம் தட்டையாகியிருந்தால் அந்த இடத்தில் உலோகம் மெலிந்துவிட்டது. முன் ஸ்டீயரிங் தாங்கியின் பற்றவைப்பிலும் பின் அச்சு பேரிங் தாங்கியின் பற்றவைப்பிலும் பெயிண்ட் மயிரிழையாய் வெடித்திருக்கிறதா பாருங்கள். பின் சக்கரங்களைத் தூக்கி நிறுத்தி அச்சைக் கையால் சுழற்றினால், வளைந்த அச்சு பிரேக் டிஸ்க் பக்கம் தள்ளாடிக் காட்டிக்கொடுக்கும். ஸ்டீயரிங் நேராக இருக்கும்போது முன்சக்கரம் ஒன்று வெளியே பார்த்தால் டை ராடு (ஸ்டீயரிங்கை முன்சக்கரத்தோடு இணைக்கும் கம்பி) வளைந்திருக்கிறது. மலிவான பாகம்தான், ஆனால் எங்கேயோ பலமாக இடித்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

---

பேடாக்_பக்கம்

எஞ்சின் பக்கம் நான் சொல்கிறேன்.

ரோட்டாக்ஸ் எஞ்சினில் எண் போட்ட சீல் இருக்கும், அந்த எண் எஞ்சின் புத்தகத்திலும் இருக்க வேண்டும். இரண்டும் பொருந்தாவிட்டால் பந்தயத்துக்கு அது உதவாது. கடைசியாக எப்போது திறந்து பிஸ்டன், கனெக்டிங் ராடு பார்த்தார்கள், அதன் பிறகு எத்தனை மணி நேரம் ஓடியது என்று கேளுங்கள். ஏறக்குறைய 50 மணி நேரம் ஆகியிருந்தால் அந்தச் செலவு உங்கள் தலையில்தான் விழும், அதைக் கழித்துவிட்டு விலை பேசுங்கள்.

டூ ஸ்ட்ரோக்கில் எண்ணெய் பெட்ரோலோடு கலந்து வருவதுதான் உள்ளே இருக்கும் மொத்த உயவும். கலவை 2 சதவீதம்: 5 லிட்டர் பெட்ரோலுக்கு 100 மி.லி. கண்ணளவு வேண்டாம், அளவுக் குவளையில் ஊற்றுங்கள். முதலில் ஒரு லிட்டர் பெட்ரோலில் எண்ணெயைக் கலந்து குலுக்கி, பிறகு மீதியை ஊற்றுங்கள். அன்றன்றைக்குத் தேவையானதை மட்டும் கலக்கவும். நம் பங்க் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் இருக்கிறது, அது ஈரத்தை இழுக்கும். ஓட்டம் முடிந்தால் டேங்கையும் கார்புரேட்டர் கிண்ணத்தையும் காலி செய்துவிட்டுத்தான் வண்டியை மூட வேண்டும்.

ஜெட் (கார்புரேட்டரில் பெட்ரோல் அளவைத் தீர்மானிக்கும் துளை) தேர்வில் எத்தனால் இன்னொரு குழப்பத்தையும் கொண்டுவரும். சென்னை வெயிலில் காற்று லேசாக இருப்பதால் சின்ன மெயின் ஜெட் போடச் சொல்லும் வழக்கம் உண்டு. ஆனால் எத்தனால் கலந்த பெட்ரோலுக்கு அதே காற்றில் கூடுதல் எரிபொருள் வேண்டும், அதாவது பெரிய ஜெட். ஐரோப்பிய அட்டவணையைப் பார்த்து அப்படியே சின்ன ஜெட் போட்டால் கலவை மெலிந்து, நேர்ப்பாதை முடிவில் பிஸ்டன் சிலிண்டரில் இறுகிப் பிடித்துவிடும். பெரிய ஜெட்டில் தொடங்கி ஒவ்வொரு எண்ணாகக் கீழே வாருங்கள். நேர்ப்பாதை முடிவில் எஞ்சின் விக்கினால் கலவை கனம், வண்டிக்கு ஆபத்தில்லை. முழு வேகத்தில் ஓட்டி அங்கேயே எஞ்சினை அணைத்து பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். வெளுத்திருந்தால் உடனே பெரிய ஜெட்டுக்குத் திரும்புங்கள்.

செயினின் நடுவில் விரலால் அழுத்தினால் 15 மி.மீ. ஆட வேண்டும். இறுகினால் பேரிங் போகும், தளர்ந்தால் கர்பில் கழன்றுவிடும். ஒவ்வொரு ஓட்டத்துக்கு முன்பும் செயின் லூப் (மசகு எண்ணெய்) அடியுங்கள். டயர் அழுத்தத்தைக் குளிர்ந்த நிலையில் 10 பி.எஸ்.ஐ. அளவில் வைத்துத் தொடங்கி, ஓட்டம் முடிந்து வந்தவுடன் சூட்டோடு அளந்து எழுதிவையுங்கள். ஓட்டத்துக்கு ஓட்டம் ஒப்பிட வேண்டியது அந்தச் சூட்டு அளவைத்தான்.

---

மழை_வரிசை

விடுபட்டது ஒன்று: உடுப்பு. பைக் ஜாக்கெட், பைக் ஹெல்மெட் எல்லாம் கார்ட்டுக்கு ஆகாது. ஹெல்மெட்டில் ஸ்னெல் அமைப்பின் கே (கார்ட்டிங்) அல்லது எஸ்.ஏ. (கார் பந்தயம்) முத்திரை, உடுப்பில் எஃப்.ஐ.ஏ. 8877-2022 அல்லது பழைய சி.ஐ.கே. (எஃப்.ஐ.ஏ.யின் கார்ட்டிங் பிரிவு) இரண்டாம் நிலை முத்திரை பாருங்கள். கார்ட் உடுப்பு உராய்வைத் தாங்க நெய்தது, தீயைத் தாங்க அல்ல. கார் பந்தய உடுப்பை வாங்கிப் போட்டால் தரையில் உரசியதும் கிழிந்துவிடும். ஷூ கணுக்காலை மூட வேண்டும், லேஸை உள்ளே செருக வேண்டும்.

வீட்டிலிருந்து யாராவது கூட ஓட்ட வந்தால் துப்பட்டா, தாவணி, சால்வை எதுவும் கூடாது. நீண்ட கூந்தலைப் பின்னிக் கொண்டை போட்டு, தலை உறைக்குள் அடக்கி, அதன் மேல்தான் ஹெல்மெட். பின் அச்சு முதுகுக்குப் பின்னால் ஒரு சாண் தூரத்தில் திறந்தபடி சுழல்கிறது. கூந்தல் சிக்கி உயிர் போன விபத்துகள் நம் நாட்டு வாடகை டிராக்குகளிலேயே நடந்திருக்கின்றன. ஊழியர் சோதிக்காவிட்டால் நீங்களே சோதியுங்கள்.

வண்டி சுற்றி நின்றுவிட்டால் பிரேக்கை மிதித்தபடி இரு கையையும் மேலே தூக்குங்கள். சிவப்புக் கொடியோ ஊழியரோ வரும்வரை இறங்கக் கூடாது. பின்னால் வருபவருக்கு நீங்கள் எந்தப் பக்கமும் நகரப்போவதில்லை என்று தெரிந்தால்தான் அவரால் ஒதுங்க முடியும்.

ஐப்பசி, கார்த்திகையில் மழை வந்தால் வாடகை நாளை ரத்து செய்யாதீர்கள், டிராக் திறந்திருந்தால் போங்கள். ஈரத்தில் எல்லோரும் ஓட்டும் பாதையில் படிந்த ரப்பர்தான் வழுக்கும். வளைவின் வெளிப்பக்கமாக, ரப்பர் படியாத தாரில் போனால் பிடி கிடைக்கும். ஈரத்தில் விலாவுக்கு அடியும் குறைவு, எடை வித்தியாசமும் பெரிதாகத் தெரியாது. 92 கிலோவோடு 65 கிலோ பையனுக்குப் பக்கத்திலேயே ஓட்டிப் பழக அதைவிட நல்ல நாள் கிடைக்காது.